மாலையானால் தளரும் கைகள், கவியும் இமை: எட்டு மாதங்களாகக் காரணம் தெரியவில்லை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு மனைவியின் கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் கணவருக்கு வயது 46. எங்கள் பட்டணத்துக்கு அருகிலுள்ள செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டம் ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறார். முதல் நான்கு ஆண்டுகள் மருந்தடித்தார். அதன் பிறகு இன்றுவரை குலை வெட்டுகிறார். எட்டு மாதங்களுக்கு முன்பு, காலையில் எவ்விதத் தடையுமின்றி வேலையைத் தொடங்குபவர், பதினோரு மணி ஆவதற்குள் அரிவாள் கட்டிய நீண்ட கழியைத் தலைக்கு மேல் பிடிக்க முடியாமல் இறக்கி வைத்துவிடுகிறார் என்று உடன் வேலை செய்பவர்கள் என்னிடம் சொன்னார்கள். வெயிலும் வயதும்தான் காரணம் என்று அப்போது நினைத்தோம்.

பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டது. மாலையில் இடது கண்ணின் இமை பாதி மூடிக்கொள்கிறது. சாலையில் வரும் ஒரு வண்டி இரண்டாகத் தெரிகிறது என்கிறார். இரவு உணவில் இறைச்சி இருந்தால், பாதிச் சாப்பாட்டில் தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு மெல்கிறார். நெடுநேரம் பேசினால் குரல் மூக்கால் வருவதுபோல் மாறிவிடுகிறது. ஒரு மணி நேரம் படுத்து எழுந்தால் இவை பெரும்பாலும் குறைந்துவிடுகின்றன. இவை தவிர, வலக்கை விரல்களில் மரமரப்பும், இரவில் கெண்டைக்கால் சதையில் துடிப்பும் இழுப்பும் இருக்கின்றன.

மூன்று கிளினிக்குகளுக்குச் சென்றோம். சர்க்கரை, சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனைகளில் குறை எதுவும் இல்லை. கடன் வாங்கித் தனியார் மருத்துவமனையில் மூளைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தோம், அதிலும் ஒன்றுமில்லை. மன அழுத்தம் என்று கூறி ஒருவர் தூக்க மாத்திரை கொடுத்தார். யாரோ வைத்த கண் என்று கருதி என் மாமியார் கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டினார். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. யாரும் விளக்கம் தராத இடத்தில் ஒரு தாய் வேறென்ன செய்வார்? வேலையை மேற்பார்க்கும் மண்டோர் மட்டும் இதைச் சோம்பல் என்கிறார். ‘ஒன்றுமில்லை’ என்று கேட்டுக் கேட்டு என் கணவர் இப்போது பேசுவதையே குறைத்துவிட்டார்.

அன்று அடித்த மருந்தின் விஷம் இப்போது வேலை செய்கிறதா? எந்த மருத்துவரிடம் போக வேண்டும்? அவரிடம் எப்படிச் சொல்ல வேண்டும்? தெரிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: ஓய்வு பெற்ற தோட்ட எச்.ஏ. (மருத்துவ உதவியாளர்), பேராக்

அம்மா, தோட்ட மருந்தகங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன் நான். பழைய ஆட்கள் எங்களை ‘டிரெஸ்ஸர்’ என்றே அழைப்பார்கள். நோய்க்குப் பெயர் வைக்கும் தகுதி எனக்கில்லை. அது மருத்துவரின் பணி. ஆயினும் உங்கள் எழுத்தில் மிக முக்கியமானது ஸ்கேன் முடிவு அன்று. ‘படுத்து எழுந்தால் குறைந்துவிடுகின்றன’ என்ற அந்த ஒரு வரியே முக்கியம். காலையில் நன்றாக இருந்து, பயன்படுத்தப் பயன்படுத்தத் தளர்ந்து, ஓய்வுக்குப் பின் மீளும் பலவீனம், அதுவும் இமை, பார்வை, மெல்லுதல், குரல் ஆகிய நான்கிலும் சேர்ந்து வருவது, நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தை ஆராயச் சொல்லும் அடையாளமாகும். நரம்பு அந்த இடத்தில் அசிட்டைல்கோலின் என்னும் பொருளைச் சுரந்துதான் தசைக்குக் கட்டளை இடுகிறது. அதை ஏற்கும் வாயில்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்கி அழிக்கும் நோய் ஒன்று உண்டு. அதற்கு மையஸ்தீனியா கிராவிஸ் என்று பெயர். மூளையைப் படம் பிடித்தால் இது தெரியாது. சாதாரண ரத்தப் பரிசோதனையிலும் தெரியாது. ஆகவே ‘ஒன்றுமில்லை’ என்ற அந்த முடிவுகள், தேடிய இடத்தில் இல்லை என்பதை மட்டுமே சொல்கின்றன.

மருந்தைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. பூச்சிக்கு அடிக்கும் ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகள் இதே சந்திப்பில்தான் தீங்கு செய்கின்றன. அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை அவை முடக்கிவிடும். ஆனால் அந்த விஷத்தால் வியர்வை, எச்சில், சதைத் துடிப்பு ஆகியவை சில மணி நேரத்துக்குள் வரும். கால் நரம்புகள் தாமதமாகப் பாதிக்கப்பட்டாலும் அது சில வாரங்களில் தெரிந்துவிடும். பதினைந்து ஆண்டுகள் கழித்து மாலைதோறும் வந்து போகும் தளர்ச்சியாக அது வெளிப்படுவதை நான் கண்டதில்லை. களைக்கு அடித்த பாராகுவாட், 2020 ஜனவரி 1 முதல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டது, பெரிதும் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுப்பது. இருந்தாலும் அவர் மருந்தடித்தவர் என்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இனித் தனியாருக்குக் கடன் வாங்க வேண்டாம். அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டி மருத்துவரைப் பார்த்து, நரம்பியல் நிபுணருக்கு ஈப்போ பொது மருத்துவமனைக்குக் கடிதம் கேளுங்கள். ‘உடல் அசதி’ என்று சொன்னால் அப்படியே எழுதிவிடுவார்கள். இமை கவிவதையும் இரட்டைப் பார்வையையும் முதலில் சொல்லுங்கள். தண்ணீர் குடிக்கும்போது புரையேறினாலோ, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டினாலோ, கடிதத்துக்காகக் காத்திராமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். மூச்சு விடும் தசை தளர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

பதில் 2: கிள்ளானிலிருந்து ஒரு வாசகி

சகோதரி, உங்கள் கணவர் தாடையைத் தாங்கிக்கொண்டு மெல்கிறார் என்று படித்ததும் என்னால் மேலே படிக்க முடியவில்லை. நானும் அப்படித்தான் மென்றேன். இரண்டாண்டுகள் அலைந்தேன், இரட்டைப் பார்வைக்காகக் கண்ணாடியை இரண்டு முறை மாற்றினேன். கடைசியில் ஓர் இளம் மருத்துவர், கூரையைப் பார்த்தபடி கண் இமைக்காமல் ஒரு நிமிடம் இருக்கச் சொன்னார். நிமிடம் முடிவதற்குள் என் இரு இமைகளும் தாமாகவே இறங்கிவிட்டன. அதுவரை யாருக்கும் அது தோன்றவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

எச்.ஏ. ஐயா சொன்ன நோய்தான் எனக்கு. அது உடலெங்கும் பரவியவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பேருக்கு ரத்தத்தில் அதற்குரிய எதிர்பொருள் தென்படும், எனக்குத் தென்படவில்லை. ஆகவே ரத்தப் பரிசோதனை ‘இல்லை’ என்று வந்தாலும் மனம் தளர வேண்டாம். நரம்பை மீண்டும் மீண்டும் மின்சாரத்தால் தூண்டித் தசை சோர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. எனக்கு அதில்தான் பிடிபட்டது. பின்னர் நெஞ்சில் ஸ்கேன் எடுத்தார்கள், ஏனென்றால் இந்நோய் உள்ளவர்கள் சிலருக்கு நெஞ்செலும்பின் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கக்கூடும்.

நான் உண்ணும் மாத்திரை மெஸ்டினான். விழுங்கி ஒரு மணி நேரத்துக்குள் கண் திறந்துகொள்ளும். மூன்று நான்கு மணி நேரம் தாங்கும். 1934ஆம் ஆண்டு இங்கிலாந்தில் மேரி வாக்கர் என்ற பெண் மருத்துவர், இந்நோயின் தளர்ச்சி கியூராரே என்னும் அம்பு விஷத்தின் தளர்ச்சியை ஒத்திருப்பதை எண்ணிப் பார்த்து, அவ்விஷத்துக்கு மாற்றான மருந்தைத் தம் நோயாளிக்குக் கொடுத்தார், இமை திறந்தது. என் மாத்திரை அந்த மருந்தின் வழிவந்தது.

மூன்று காரியங்களை இன்றே செய்யுங்கள். காலை ஏழு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் அவர் முகத்தைக் கைப்பேசியில் படம் எடுங்கள். நூறு வரை எண்ணச் சொல்லிக் குரலையும் பதிவு செய்யுங்கள். பனிக்கட்டியைத் துணியில் சுற்றி, கவிந்த இமையின் மேல் இரண்டு நிமிடம் வைத்து எடுத்து, அதன் முன்னும் பின்னும் படம் எடுங்கள். குளிரில் இமை உயர்ந்தால் மருத்துவருக்கு அது நல்ல தடயம். நோய் உறுதியாகும்வரை எந்தக் கிளினிக்கிலும் சிப்ரோஃப்ளோக்சசின், ஜென்டாமைசின் போன்ற கிருமிக்கொல்லிகளையோ, ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் புரோப்பிரனோலோலையோ கொடுக்க வந்தால் இந்தச் சந்தேகத்தைச் சொல்லிவிடுங்கள். அவை தளர்ச்சியைக் கூட்டக்கூடியவை.

பதில் 3: குளுவாங்கிலிருந்து ஒரு மகன்

மேலே இருவரும் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் விரல் மரமரப்பை அந்த நோய் விளக்காது. அது தசையைத் தளர்த்துமே தவிர உணர்ச்சியைக் குறைக்காது. என் தந்தையும் குலை வெட்டியவர்தான். நாள் முழுவதும் அண்ணாந்தே வேலை செய்த அவருக்குக் கழுத்து எலும்பு தேய்ந்து தண்டுவடத்தை அழுத்தியிருந்தது. முதலில் விரல் மரத்தது, பிறகு சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, அதன் பிறகு நடை விறைத்தது. கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகே தெரிந்தது. கழுத்துக் கோளாற்றால் இரட்டைப் பார்வை வராது என்பதால், உங்கள் கணவருக்கு ஒன்றுக்கு இரண்டாகக் கோளாறுகள் இருக்கலாம் என்று எனக்குப் படுகிறது. ஒன்று கிடைத்ததும் மற்றதைத் தேடாமல் விட்டுவிடுவார்களோ என்பதே என் கவலை. பி12 சத்தின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைந்தாலும் விரல் மரக்கும்.

கேள்வி கேட்டவர் மீண்டும்

பதினெட்டு நாள்கள் கழித்து எழுதுகிறேன். ஒரு வாரம் இருவேளையும் படம் எடுத்தேன். பனிக்கட்டி வைத்த மாலையில் அவருடைய இமை கண்ணெதிரே மேலே போனது. அரசாங்க கிளினிக் மருத்துவர் அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, அவரைக் கூரையைப் பார்க்கச் சொன்னார். அன்றே கடிதமும் எழுதி ஈப்போவுக்கு அழைத்துப் பேசினார். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். பி12க்கு ரத்தம் எடுத்தாயிற்று. கழுத்தையும் குறிப்பில் சேர்த்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்த பிறகு என் கணவர் கைப்பேசியை வாங்கித் தன் மாலை முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இதை மண்டோரிடம் காட்டலாமா?” என்று கேட்டார். பல வாரங்களுக்குப் பிறகு அவராகக் கேட்ட முதல் கேள்வி அது. இன்னும் ஒன்று: எம்.சி. (மருத்துவ விடுப்பு) முடிந்துவிட்டால் வேலை என்னவாகும் என்று பயப்படுகிறார்.

பதில் 4: ஓய்வு பெற்ற தோட்ட எச்.ஏ.

ஐந்தாண்டுகளுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 22 நாள் மருத்துவ விடுப்பும், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால் 60 நாள் விடுப்பும் சட்டப்படி உண்டு. அதையும் கடந்து, முன்பு ஈட்டியதில் மூன்றில் ஒரு பங்குகூட ஈட்ட முடியாத நிலை நிரந்தரமாக வந்தால், 60 வயதுக்கு முன் பெர்கேசோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்துக்கு முந்திய 40 மாதங்களில் 24 மாதச் சந்தா இருந்தால் முழு ஓய்வூதியத்துக்குத் தகுதி உண்டு. அந்த நிலை வராமலே போகலாம். மாத்திரை ஏற்றுக்கொண்டு வேலைக்குத் திரும்பியவர்களை நான் அறிவேன். ஆனாலும் சம்பளச் சீட்டுகளை இப்போதே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.

மண்டோரிடம் படத்தைக் காட்டுவதை விட, நிபுணரின் கடிதம் வந்ததும் அதன் நகலைத் தோட்ட அலுவலகக் கிராணியிடம் (எழுத்தரிடம்) கொடுத்துக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் பேசப் போவது அந்தத் தாள்தான். ஈப்போவில் காலை நேரம் கொடுத்திருந்தால், நிபுணர் பார்க்கும்போது அவர் தெளிவாகவே இருப்பார், இமையும் திறந்தே இருக்கும். அதனால் மாலைப் படங்களைக் கைப்பேசியில் வைத்திருப்பதோடு நில்லாமல், தேதியும் நேரமும் எழுதி அச்செடுத்துக் கையோடு கொண்டு போங்கள், அம்மா.