ஜப்பானியக் காதல் பாட்டு கேட்டு அழுகிறோமே, அழ வைப்பது வரியா, மெட்டா?

கார்மேகம்:
ஜப்பானியப் பாடகர் உதாடா ஹிகாருவின் ‘ஃபர்ஸ்ட் லவ்’ பாட்டை நேற்று ராத்திரி மட்டும் ஆறு முறை கேட்டேன். ஆறு முறையும் அழுதேன். 2022இல் நெட்ஃபிளிக்ஸில் அதே பெயரில் ஒரு தொடர் வந்ததே, அதைப் பார்த்துத்தான் பாட்டையே தெரிந்துகொண்டேன். பாட்டு வந்தது 1999இல். எழுதி மெட்டமைத்ததும் பாடியவரேதான். அதே பெயரில் ஆல்பம் வந்தபோது அவருக்கு வயது 16. ஜப்பானில் 70 லட்சத்துக்கு மேல் விற்ற அந்த ஆல்பத்தை இன்றுவரை வேறெதுவும் முந்தவில்லை.

பாட்டு தொடங்குவதே கடைசி முத்தத்தில் இருந்த சிகரெட் வாசனையில்தான். கதறல் இல்லை, சாபம் இல்லை. கசப்பான ஒரு வாசனை, அவ்வளவுதான். எனக்கு உடைந்தது அந்த இடத்தில். அதனால் அழ வைப்பது வரிகள்தான் என்பது என் கட்சி. என் அறைத்தோழன் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறான். “உனக்கு அந்த மொழியே தெரியாது, நீ அழுதது தொடரை நினைத்து” என்கிறான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கீபோர்டு குமரன்:
தம்பி, உங்கள் தோழர் சொல்வது பாதி சரி. மீதிப் பாதி மெட்டு. வரிக்கு இதில் பங்கே இல்லை என்பேன்.

நான் பதினைந்து வருஷமாகக் கீபோர்டு வாசிக்கிறேன். பல சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் வாசிப்பதைக் கார்டு என்போம். ஜப்பானியப் பாட்டுகளில் ஒரு கார்டு வரிசை திரும்பத் திரும்ப வரும். ‘ஓதோ ஷின்கோ’, அதாவது ராஜபாட்டை என்றே அங்கே அதற்குப் பெயர். சி மேஜரில் வாசித்தால் எஃப், ஜி, ஈ மைனர், ஏ மைனர். ஜி வந்ததும் காது சி-க்காகக் காத்திருக்கும். சி வராது, ஈ மைனர் வரும். வீட்டு வாசல்வரை வந்தவர் உள்ளே வராமல் திரும்பிப் போகிற மாதிரி இருக்கும். தொண்டை அடைப்பது அங்கேதான். அதன்மேல் வயலின்களை ஏற்றி, கடைசிப் பல்லவியில் சுருதியையும் கூட்டிவிட்டால் யாருக்கும் கண் கலங்கும்.

இன்னொன்று, நீங்கள் அழுத அந்தப் பாட்டு 1999லேயே ஒரு டிவி தொடருக்கான பாட்டு. ஆசிரியைக்கும் மாணவனுக்கும் இடையிலான காதல் கதை அது. இப்படித் தொடரோடு பாட்டைச் சேர்த்துவிடுவதை ‘டை-அப்’ என்பார்கள். வாராவாரம் கதை உச்சத்துக்கு வரும் நேரத்தில் பாட்டு ஒலிக்கும். அழுகை பழக்கமாகிவிடும்.

செண்பகம்:
குமரன், உங்கள் கணக்குக்குள் அடங்காத ஒரு பாட்டு சொல்கிறேன். 1975இல் ஓதா ஹிரோமி பாடிய ‘மோமென் நோ ஹான்காச்சீஃப்’, பருத்திக் கைக்குட்டை. மாட்சுமோட்டோ தகாஷி எழுதி, ட்சுட்சுமி கியோஹெய் மெட்டமைத்தது. துள்ளலான மெட்டு. தெரியாதவர்கள் பிக்னிக் பாட்டு என்பார்கள்.

நாலு சரணம். ஒவ்வொன்றிலும் முதலில் அவன் பேசுவான், பிறகு அவள். அவன் ரயிலேறி நகரத்துக்குப் போகிறான், உனக்குப் பரிசு தேடி வருகிறேன் என்கிறான். எதுவும் வேண்டாம், நகரத்தின் சாயம் ஏறாமல் திரும்பி வா என்கிறாள் இவள். அரை வருஷம் கழித்து மோதிரம் அனுப்புகிறான். வைரமும் முத்தும் உன் முத்தத்துக்கு ஈடில்லை என்று பதில் போகிறது. அப்புறம் சூட் போட்ட தன் புகைப்படத்தைப் பார்க்கச் சொல்கிறான். புல்லில் படுத்துக் கிடந்த உன்னைத்தான் எனக்குப் பிடித்தது, குளிர்காற்றில் உடம்பைப் பார்த்துக்கொள் என்கிறாள். கடைசியில் அவன், என்னால் இனித் திரும்பி வர முடியாது என்கிறான். அதுவரை எதையும் கேட்காதவள் அப்போதுதான் முதன்முதலாக ஒரு பரிசு கேட்கிறாள்: கண்ணீர் துடைக்க ஒரு பருத்திக் கைக்குட்டை.

வேலை தேடி இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகக் கிராமங்களை விட்டுப் பெருநகரங்களுக்குப் போன காலத்தின் நினைவு மாறாத ஜப்பான் அது. இதில் வயலின் எங்கே அழ வைத்தது? எழுதியவர் அழ வைத்தார்.

கீபோர்டு குமரன்:
இப்போதுதான் கேட்டேன் அக்கா. நல்ல பாட்டு, ஆனால் எனக்குச் சிரிப்புதான் வந்தது, கால் தாளம் போட்டது. நீங்கள் கதையைச் சொன்ன பிறகும்கூட. நான் சொன்னதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? மொழி தெரியாத நாம் அழுவது மெட்டுக்கு மட்டும்தான்.

சகாமோட்டோ கியூவின் ‘உவே ஓ முய்தே அருகோ’ 1963இல் அமெரிக்காவின் பில்போர்டு இசைப் பட்டியலில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு ஜப்பானியம் தெரியும்? பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ‘சுகியாகி’ என்ற ஒரு சமையலின் பெயரை வைத்துத்தான் அங்கே விற்றார்கள். அப்படியும் மனசைத் தொட்டது.

செண்பகம்:
அதே பாட்டை நானும் எடுத்துக்கொள்கிறேன். கண்ணீர் கீழே விழாமல் இருக்க அண்ணாந்து பார்த்தபடி நடப்போம் என்பதுதான் அதன் பல்லவி. பலரும் அதைக் காதல் தோல்விப் பாட்டு என்று நினைத்தார்கள். எழுதிய ஏய் ரோகுசுகே, 1960இல் அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்த போராட்டம் தோற்ற மன வலியில் எழுதியது. வார்த்தை புரியாவிட்டால் இவ்வளவும் போய்விடுகிறது. மெட்டு மட்டும் போதும் என்று சொல்லும்போது எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது. ஒருவர் தன் வலியை எண்ணி எண்ணி வார்த்தையாக்கியிருக்கிறார், அதற்குப் பங்கே இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

யோகோஹாமா வாசி:
இரண்டு பேருமே ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். இடம்.

நான் ஜப்பானில் யோகோஹாமாவில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். ஒரு வருஷ முடிவு விருந்துக்குப் பிறகு, திரையில் வரியைப் பார்த்து நாமே பாடுகிற கரோகே அறைக்குப் போனோம். அலுவலகத்தில் வாயே திறக்காத ஒருவர், யமாசாகி மசாயோஷியின் ‘ஒன் மோர் டைம், ஒன் மோர் சான்ஸ்’ பாடினார். 1997இல் வந்த பாட்டு, 2007இல் ஷின்காய் மகோடோவின் அனிமே படத்தால் இன்னும் பரவியது. பிரிந்துபோன ஒருத்தியை அவன் தேடிக்கொண்டே இருக்கிறான். எதிர்ப் பிளாட்பாரத்தில், சந்து வீட்டு ஜன்னலில், அங்கெல்லாம் அவள் இருக்க முடியாது என்று தெரிந்தும். பத்திரிகையின் மூலையில்கூட. பத்திரிகை மூலையில் ஏன்? அவள் இறந்துவிட்டாளோ என்று ரசிகர்கள் பேசிக்கொள்வார்கள். பாட்டு சொல்லாது.

அதில் சகுராகிச்சோ என்று ஓர் ஊர்ப்பெயர் வரும். நான் தினமும் ரயில் ஏறிய நிலையம் அது. அவர் அந்த வரியைப் பாடியபோது யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் திரையில் ஓடிய எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். மறுநாள் காலையில் அந்தப் பிளாட்பாரத்தில் நின்றபோது என் கண்ணும் எதிர்ப் பக்கம் போனது. எனக்குத் தேட யாரும் இல்லை. ஆனாலும் போனது.

‘எங்கா’ என்று அங்கே சொல்லும் பழைய பாணி உருக்கப் பாட்டுகளும் இப்படித்தான். இஷிகாவா சயூரி 1977இல் பாடிய ‘ட்சுகாரு கைக்யோ ஃபுயுகெஷிகி’யில் ஒரு பெண் டோக்கியோவின் உவேனோ நிலையத்தில் இரவு ரயில் ஏறி, பனி பொழியும் அவோமோரி துறைமுக ஊரில் இறங்கி, கப்பலில் வடக்கே போகிறாள். கூட்டத்தில் யாரும் பேசவில்லை, கடல் மட்டும் சத்தம் போடுகிறது. 1988இல் கடலுக்கடியில் சுரங்க ரயில் ஓடத் தொடங்கியதும் அந்தக் கப்பல் சேவை நின்றுவிட்டது. அந்தப் பயணத்தை அப்படியே இனி யாரும் போக முடியாது. எங்கா பாடுகிறவர்கள் குரலை நெளிப்பதை ‘கொபுஷி’ என்பார்கள், நம் கமகம் பழகிய காதுக்குச் சட்டென்று பிடிக்கும். குமரன், அந்த நெளிவில் வரியையும் மெட்டையும் உங்களால் பிரித்து வைக்க முடியுமா?

கீபோர்டு குமரன்:
ஐயா, எங்காவில் பிரிக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். வரிக்குப் பங்கே இல்லை என்று சொன்னது அதிகம்தான். ஆனால் முதல் சொட்டு மெட்டால்தான் வருகிறது என்பதில் மாற்றமில்லை. வரி அதை நீட்டிக்கலாம்.

கார்மேகம்:
நான் ஒரு சோதனை செய்தேன். அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் செண்பகம் அக்கா சொன்ன கைக்குட்டைப் பாட்டைப் போட்டேன். காய் நறுக்கிக்கொண்டே தலையாட்டினார். “கல்யாண வீட்டில் போடலாம்” என்றார். அதுவரை குமரன் அண்ணன் கட்சி.

அப்புறம் நாலு சரணத்தையும் கதையாகச் சொல்லிவிட்டு மறுபடி போட்டேன். மூன்றாவது சரணத்தில் கத்தி நின்றது. பாட்டு முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: “அந்தப் பையன் கைக்குட்டையாவது அனுப்பினானா?”

அது பாட்டில் இல்லை என்றேன். இன்னொரு தடவை போடச் சொன்னார்.