அக்காவுக்கு 47, "மாதவிடாய் நிற்கிற வயசில இது வாறதுதான்" எண்டு அனுப்பிட்டினம்: அடுத்த டொக்டரிட்ட என்ன கேட்கிறது?

வெள்ளவத்தைத் தங்கச்சி:

அக்காவுக்கு 47. ஒரு வருசமா பீரியட்ஸ் ஒழுங்கில்லை. சிலவேளை 22 நாளில வருது, சிலவேளை 60 நாள் தாண்டுது. கிழமைக்கு நாலைஞ்சு இரவு கழுத்தும் முதுகும் நனைய வேர்த்து எழும்புறா, பிறகு விடியும்வரை நித்திரை இல்லை. நெஞ்சு படபடப்பு, காரணமில்லாத கோவம், சொல்ல வந்த சொல் மறந்துபோறது எல்லாம் இருக்கு. பிரஷருக்கு லோசார்ட்டன் 50 மில்லிகிராம் எடுக்கிறா. ஒற்றைத் தலைவலியும் இருக்கு. கர்ப்பப்பை எடுக்கேல்லை. அம்மாவுக்கு 68 வயசில இடுப்பெலும்பு முறிஞ்சது.

ரெண்டு இடத்தில காட்டியாச்சு. ஒருவர் விற்றமினும் நித்திரைக் குளிசையும் எழுதினார். மற்றவர், ஹோர்மோன் எடுத்தால் கான்சர் வரும், பிரஷரும் தலைவலியும் இருக்கிற ஆளுக்கு அறவே சரிவராது எண்டார். உண்மையிலேயே வழியில்லையா? மூண்டாவதா ஒரு டொக்டரைச் சனல் பண்ண (தனியாரிடம் காட்ட நேரம் எடுக்க) முதல் எந்த ரத்தப் பரிசோதனை எடுக்கவேணும்?

கடற்கரைக் காற்று:

தங்கச்சி, ஆய்வுகூடத்தில "ஹோர்மோன் புரொஃபைல்" எண்டு ஒரு கட்டுப் பரிசோதனைக்குக் காசு கொடுக்காதேங்கோ. 45 தாண்டின ஒருவருக்கு பீரியட்ஸ் தடம்புரண்டு, வேர்வையும் இருந்தால் அதுவே போதும், ரத்தத்தில எஃப்.எஸ்.எச். (முட்டைப்பையைத் தூண்டுற ஹோர்மோன்) பார்க்கத் தேவையில்லை. இந்த வயசில முட்டைப்பை ஒரு மாதம் நல்லா வேலை செய்யும், அடுத்த மாதம் சோர்ந்துவிடும். அதனால எஃப்.எஸ்.எச். இண்டைக்கு உயர்ந்தும் அடுத்த மாதம் சாதாரணமாயும் வரும். நடக்கிற கெடுதல் என்னவெண்டால், சாதாரணமா வந்த ஒரு ரிப்போர்ட்டைக் காட்டி "உங்களுக்கு ஒண்டும் இல்லை" எண்டு அனுப்பிவிடுவினம். 40 வயசுக்குக் கீழே எண்டால் கதை வேற. அப்ப அதைக் கட்டாயம் பார்க்கவேணும், வழமையா 4 முதல் 6 கிழமை இடைவெளியில ரெண்டுதரம்.

எடுக்கவேண்டியது, இதே மாதிரிக் குணம் காட்டுற வேற வருத்தங்களுக்கான பரிசோதனை. தைரொய்டுக்கு டி.எஸ்.எச்., முழு ரத்த எண்ணிக்கை, உடம்பில இருக்கிற இரும்புச் சேமிப்புக்கு ஃபெரிட்டின், சீனிக்கு எச்.பி.ஏ.1.சி., கொலஸ்ட்ரோல். படபடப்புக்கு ஒரு ஈ.சி.ஜி. பீரியட்ஸ் தள்ளிப்போன மாதத்தில சிறுநீரில கர்ப்பப் பரிசோதனையும் (47 வயசிலயும் இது அவசியம்). இரவு வேர்வையோட காய்ச்சல், இருமல், மெலிவு இருந்தால் காசநோய்க்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுக்காமல் விடக்கூடாது.

செலவு கஷ்டம் எண்டால் உங்கட பகுதி எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்து வெல் வுமன் கிளினிக்கில தொடங்குங்கோ. சிங்களத்தில சுவநாரி எண்டு சொல்லுவினம். 1996 இல இருந்து 35 வயசு தாண்டின பெண்களுக்கு இலவசமா நடக்குது. பிரஷர், சீனி, மார்பு, கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பேப் பரிசோதனை அங்கேயே பார்ப்பினம். மிட்வைஃப் மிஸ்ஸிட்ட நாளைக் கேட்டுக்கொண்டு போங்கோ.

மருந்துத்துண்டு:

பிரஷர், தலைவலி விசயத்தில ஒரு குழப்பம் நடந்திருக்கு. கர்ப்பத்தடைக் குளிசைக்கு இருக்கிற தடையை, மாதவிடாய் நிற்கும் வயசு ஹோர்மோனுக்கும் பொருத்திச் சொல்லியிருக்கினம். கர்ப்பத்தடைக் குளிசையில பெரும்பாலும் இருப்பது எத்தினைல் ஈஸ்ட்ரடையோல் எண்ட செயற்கை ஈஸ்ட்ரஜன். அது ஈரலில வலுவா வேலை செய்து ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டும். கண்ணில மின்னல் வெட்டுற மாதிரி வாற ஒற்றைத் தலைவலிக்காரருக்கு அது கூடாதுதான். இந்தச் சிகிச்சையில கொடுப்பது ஈஸ்ட்ரடையோல், அதாவது முட்டைப்பை சுரக்கிற அதே ஈஸ்ட்ரஜன். அதைத் தோல் வழியா, ஜெல்லாவோ ஒட்டுப் பட்டையாவோ கொடுத்தால் முதலில ஈரலுக்குப் போகாமல் நேரா ரத்தத்தில சேரும். வழமையான அளவில ரத்தக்கட்டி அபாயம் கூடுறதாத் தெரியேல்லை. ஒற்றைத் தலைவலி இருந்தாலும் கொடுக்கலாம். அளவு ஏறி இறங்காமல் சீரா இருப்பதுதான் தலைவலிக்கு நல்லது, குளிசையைவிட ஜெல்லும் பட்டையும் விரும்பப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம். மருந்தால கட்டுக்குள்ள இருக்கிற பிரஷரும் தடையில்லை. கட்டுக்குள்ள இல்லையெண்டால் முதல் அதைச் சரியாக்கவேணும்.

உண்மையான தடைகள் வேற: மார்புப் புற்றுநோய் வந்தவர், காரணம் தெரியாத ரத்தப்போக்கு, இப்ப இருக்கிற ரத்தக்கட்டி, ஈரல் நோய், அண்மையில மாரடைப்போ பக்கவாதமோ வந்தது.

கான்சர் பயம் பெரும்பாலும் 2002 இல வெளிவந்த அமெரிக்க ஆய்வில இருந்து வந்தது. அதில சேர்ந்த பெண்களின் சராசரி வயசு 63. கொடுத்தது குதிரைச் சிறுநீரில இருந்து எடுத்த ஈஸ்ட்ரஜனும் ஒரு செயற்கைப் புரொஜெஸ்டோஜனும் (புரொஜெஸ்டரோன் மாதிரி வேலை செய்யிற மருந்து). அதில கூட, 10,000 பெண்கள் ஒரு வருசம் எடுத்தால் மேலதிகமா 8 பேருக்கு மார்புப் புற்றுநோய், 5 பேருக்கு இடுப்பெலும்பு முறிவு குறைவு எண்டுதான் கணக்கு. அபாயமே இல்லை எண்டு நான் சொல்லேல்லை. எடுக்கிற வருசம் கூடக் கூட அது கூடும். ஆனால் 60 வயசுக்குள்ள, அல்லது பீரியட்ஸ் நிண்டு 10 வருசத்துக்குள்ள தொடங்கினால், கடும் வேர்வை இருக்கிற பெரும்பாலானவைக்கு நன்மைதான் கூட. அம்மாவுக்கு எலும்பு முறிஞ்சிருப்பதால அக்காவுக்கு இது இன்னும் முக்கியம். இதைக் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கோ.

கர்ப்பப்பை இருக்கிறபடியால் ஈஸ்ட்ரஜன் மட்டும் ஒருபோதும் எடுக்கக்கூடாது. அது கர்ப்பப்பை உட்சுவரைத் தடிக்கவைக்கும், நாளடைவில அங்கே புற்றுநோய் வரலாம். அதைத் தடுக்கத்தான் புரொஜெஸ்டரோன். பீரியட்ஸ் இன்னும் வாறவைக்கு வழமையா 200 மில்லிகிராம், மாதத்தில 12 முதல் 14 இரவு. நித்திரை தூக்கும், அதனால படுக்கப் போகேக்க எடுக்கவேணும். பகலில எடுத்துவிட்டுத் தலைச்சுற்று எண்டு நிப்பாட்டுறது அடிக்கடி நடக்கிற பிழை. கடைசிப் பீரியட்ஸுக்கு ஒரு வருசம் ஆகமுதல் டைபோலோன் எண்ட ஹோர்மோன் குளிசையை எழுதினால் ஏன் எண்டு கேளுங்கோ. அது அந்த ஒரு வருசத்துக்குப் பிறகு கொடுக்கிற மருந்து, முந்தித் தொடங்கினால் ஒழுங்கில்லாத ரத்தம் படும்.

இந்த ஹோர்மோன் கர்ப்பத்தைத் தடுக்காது. 50 க்குக் கீழே எண்டால் கடைசிப் பீரியட்ஸுக்குப் பிறகு ரெண்டு வருசம், 50 தாண்டினால் ஒரு வருசம் வேற பாதுகாப்பு வேணும்.

வெள்ளவத்தைத் தங்கச்சி:

நன்றி. ஹாத்தாவாரிய (சாத்தாவாரி) இலைக் கஞ்சியும் சோயாவும் போதும் எண்டு பக்கத்து வீட்டு அன்ரி சொல்றா. மற்றது, போன மாதம் அக்காவுக்கு 11 நாள் ரத்தம் பட்டது, கட்டி கட்டியா. அதுக்கு நோரெதிஸ்டரோன் 5 மில்லிகிராம், நாளுக்கு மூண்டு, பத்து நாளைக்குக் கொடுத்தவை.

தாதி மிஸ்:

11 நாள் ரத்தத்தை நீங்கள் முதலிலேயே சொல்லியிருக்கவேணும் தங்கச்சி. இப்ப ஹோர்மோனுக்கு முதல் பார்க்கவேண்டியது அதுதான். நோரெதிஸ்டரோன் ரத்தத்தை நிப்பாட்டும். காரணத்தைக் காட்டாது. குளிசை முடிஞ்சு ரெண்டு மூண்டு நாளில திரும்ப ரத்தம் வரும், அது வருத்தம் மாறேல்லை எண்டு அர்த்தம் இல்லை, அந்தக் குளிசையின் இயல்பு. ஆனால் 45 தாண்டி இப்படி ஒழுங்கில்லாமலும் கூடுதலாயும் போனால் யோனிவழி ஸ்கானும், தேவைப்பட்டால் கர்ப்பப்பை உட்சுவரில சிறு துண்டு எடுத்துப் பரிசோதனையும் கேட்கவேணும். "காரணம் தெரியாத ரத்தப்போக்கு" எண்டு மேலே எழுதின தடை இதுதான். ஒரு பாட் ஒரு மணித்தியாலத்தில நனைஞ்சால், அதோட தலைசுற்றி மயக்கம் வந்தால் சனலிங் பார்க்காமல் 1990 க்கு எடுத்து சுவசெரிய இலவச அம்புலன்ஸைக் கூப்பிடுங்கோ.

காரணம் பாரதூரமில்லை எண்டால், கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற லெவோனோர்ஜெஸ்ட்ரெல் (ஒரு ஹோர்மோன்) 52 மில்லிகிராம் வளையம் பற்றிக் கேளுங்கோ. ரத்தத்தையும் குறைக்கும், கர்ப்பத்தையும் தடுக்கும், ஈஸ்ட்ரஜனோட சேர்ந்து உட்சுவரையும் காக்கும். ஒரே பொருளில மூண்டு வேலை. அது வேண்டாம் எண்டால், ரத்தம் படுற நாளில மட்டும் டிரனெக்ஸாமிக் அசிட் 1 கிராம், நாளுக்கு மூண்டு வேளை, நாலு நாள் வரை.

கஞ்சியைத் தாராளமாக் குடிக்கட்டும், அதைச் சிகிச்சையா நம்பிக்கொண்டு இருக்கக்கூடாது. சோயா சிலருக்குக் கொஞ்சம் உதவும், சிலருக்கு ஒண்டும் இல்லை. எலும்புக்குக் குரக்கனும் நெத்தலியும் நல்லது. 100 கிராம் குரக்கன் மாவில ஏறக்குறைய 340 மில்லிகிராம் கல்சியம் இருக்கு. 50 தாண்டினால் நாளுக்கு 1200 மில்லிகிராம் வேணும். ஃபெரிட்டின் குறைஞ்சிருந்தால் இரும்புக் குளிசை எடுத்து ஒரு மணித்தியாலத்துக்குத் தேத்தண்ணி குடிக்கவேண்டாம். கல்சியமும் இரும்பும் ஒரே நேரத்தில விழுங்கவேண்டாம்.

மருந்துத்துண்டு:

பாமசி விசயம் ஒண்டு. ஜெல், பட்டை எல்லா இடத்திலும் எப்பவும் இருக்காது. துண்டில கம்பனிப் பெயர் மட்டும் எழுதினால் "இல்லை" எண்ட பதிலோட திரும்பவேண்டிவரும். மருந்தின் பொதுப்பெயரும் அளவும் எழுதித் தரச் சொல்லுங்கோ. ஜெல் இல்லையெண்டால் எதை எடுக்கலாம் எண்டும் அதே துண்டில எழுதி வாங்குங்கோ. அரசாங்கப் பாமசியான ஒசுசலவுக்கும் பெரிய பாமசிகளுக்கும் முதலே கோல் எடுத்துக் கேட்டுவிட்டுப் போங்கோ.

பட்டை கொழும்பு வெக்கையில கழருது எண்டு நிறையப் பேர் விட்டுவிடுகினம். குளிச்சு, துடைச்சு, ஃபானுக்குக் கீழே நல்லா உலர்ந்த பிறகு, பவுடரோ கிரீமோ பூசாத அடிவயிற்றில அல்லது பிட்டத்தில ஒட்டி, உள்ளங்கையால பத்து செக்கன் அழுத்திப் பிடிக்கவேணும். மார்பில ஒட்டக்கூடாது. கிழமைக்கு ரெண்டுதரம் மாத்துற வகை எண்டால் திங்களும் வியாழனும் எண்டு நாளை நிச்சயப்படுத்துங்கோ. ஜெல் எண்டால் தொடையின் உட்புறம் அல்லது மேல்கையில பூசி அஞ்சு நிமிசம் காயவிட்டு, ஒரு மணித்தியாலத்துக்குக் கழுவாமல், குழந்தைகள் தொடாமல் பார்க்கவேணும்.

கடற்கரைக் காற்று:

சனலிங்கில கிடைக்கிறது ஏழெட்டு நிமிசம். அதனால அக்கா ஒரே ஒரு தாள் கொண்டுபோகட்டும். மேலே கடைசி ஆறு பீரியட்ஸ் தொடங்கின திகதி, எத்தனை நாள், எத்தனை பாட். அதுக்குக் கீழே ரெண்டு கிழமைக்கு, இரவில வேர்த்து எத்தனைதரம் எழும்பினா, எத்தனை மணித்தியாலம் நித்திரை. பிறகு வீட்டில எடுத்த பிரஷர், மருந்துகள், அம்மாவின் எலும்பு முறிவு, குடும்பத்தில மார்புப் புற்றுநோயோ ரத்தக்கட்டியோ இருக்கா எண்டது. "ஒரே களைப்பு டொக்டர்" எண்டு தொடங்கினால் விற்றமின்தான் வரும். "கிழமைக்கு அஞ்சு இரவு நனைஞ்சு எழும்புறன், நாலு மணித்தியாலம்தான் நித்திரை, 11 நாள் ரத்தம் போனது, ஸ்கான் எடுக்கவேணுமா?" எண்டு தொடங்கட்டும்.

வேண்டாம் எண்டு சொன்னால் கோவிக்காமல் ஒரு கேள்வி: "எனக்குள்ள எந்தக் காரணத்தால கூடாது டொக்டர்? அதைத் துண்டில எழுதித் தாங்கோ." காரணம் சரியெண்டால் அடுத்த இடத்திலும் உதவும். சரியில்லையெண்டால் எழுதேக்க அவரே ஒருக்கா யோசிப்பார். உண்மையிலேயே ஹோர்மோன் கூடாது எண்டால் வென்லாஃபக்சின் 37.5 மில்லிகிராமில தொடங்கி 75 வரை, அல்லது இரவில கபாபென்டின் 300 மில்லிகிராம் பற்றிக் கேட்கலாம், ரெண்டும் வேர்வையைக் குறைக்கும். வென்லாஃபக்சின் பிரஷரைக் கூட்டலாம், அக்காவுக்கு அதைக் கவனிக்கவேணும். அந்தக் கோவமும் மனச்சோர்வும் உயிரை வெறுக்கிற அளவுக்குப் போனால் தேசிய மனநல உதவி இலக்கமான 1926 க்கு எந்த நேரமும் எடுங்கோ, தமிழிலும் பேசலாம்.

மருந்து தொடங்கினால் மூண்டு மாதத்தில திரும்பக் காட்டுற திகதியை அண்டைக்கே போட்டுக்கொண்டு வாங்கோ. முதல் மாதங்களில மார்பு நோவும் சிறு ரத்தமும் வரலாம், அதுக்காக இடையில விடவேண்டாம். ஆறு மாதம் தாண்டியும் ஒழுங்கில்லாமல் ரத்தம் பட்டால் திரும்ப ஸ்கான்.

வெள்ளவத்தைத் தங்கச்சி:

இண்டைக்கு இரவே தாளைத் தொடங்குறம். முதல் ஸ்கான், பிறகு மற்றது. ரிப்போர்ட் வந்ததும் இங்கேயே போடுறன்.