ஆய்வில் சேர்ந்தவர்கள் எழுதுங்கள்: உங்களுக்கு எந்தப் பக்கம் விழுந்தது?

நாஞ்சில்_நர்ஸ்:

யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் போலப் பிரிக்கும் மருத்துவ ஆய்வில் நோயாளியாகவோ, வீட்டாராகவோ, வேலை பார்த்தவராகவோ இருந்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். முதலில் என்னுடையது.

நான் இங்கிலாந்தில் ஆராய்ச்சி நர்ஸ். 2020 மார்ச்சில் கோவிட் மருந்துகளைச் சோதிக்கும் ரிகவரி ஆய்வு ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கியது. திட்டம் எழுதி ஒன்பதே நாளில் முதல் நோயாளி சேர்ந்துவிட்டார். நாடு முழுக்க அரசு மருத்துவமனைகளில் எங்களைப் போன்றவர்கள் ஏற்கெனவே சம்பளத்தில் இருந்ததால்தான் அது முடிந்தது. மற்ற ஆய்வுகளைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு எல்லோரும் ஒரே படிவத்துக்கு மாறினோம்.

ஏப்ரலில் ஓர் இரவு. யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர், எழுபதைத் தாண்டியவர், ஆக்சிஜனில் இருந்தார். என் முகக்கவசத்துக்குள்ளிருந்து தமிழ் கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு எந்த மருந்து வரும் எண்டு உமக்குத் தெரியுமோ பிள்ளை?"

"தெரியாது ஐயா. கம்ப்யூட்டர்தான் சொல்லும். டாக்டருக்கும் தெரியாது."

"அது வேலை செய்யுமோ எண்டும் தெரியாது?"

"அதைத் தெரிஞ்சுக்கத்தான் ஐயா கேக்கிறோம்."

கொஞ்ச நேரம் கூரையையே பார்த்தார். "சரி, தாரும்." தமிழில் கையெழுத்துப் போட்டார். தொற்று பயத்தில் காகிதம் வார்டை விட்டு வெளியே போகக் கூடாது. நான் கண்ணாடிக் கதவில் வைத்துப் பிடிக்க, வெளியே நின்றவர் படம் எடுத்தார்.

கம்ப்யூட்டர் சொன்னது: வழக்கமான சிகிச்சை மட்டும். 28ஆம் நாள் படிவத்தையும் நான்தான் நிரப்பினேன். 'இறந்துவிட்டார்' கட்டத்தில் டிக் போட்டேன்.

ஜூன் 16 அன்று முடிவு வந்தது. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து, தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள். 2104 பேருக்குக் கொடுத்து, கொடுக்காத 4321 பேரோடு ஒப்பிட்டார்கள். வென்டிலேட்டரில் நூற்றுக்கு 41 பேர் இறந்த இடத்தில் 29 ஆனது. ஆக்சிஜனில் இருந்தவர்களில் 26 என்பது 23 ஆனது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு ஒரு பலனும் இல்லை. ஆக்சிஜனில் இருந்தவர்களில் நூற்றுக்கு மூன்று! ஒரு வார்டில் எத்தனை வருஷம் நின்றாலும் அது கண்ணில் படாது. 170க்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் ஒரே மாதிரி எண்ணியதால்தான் தெரிந்தது. வைரஸ் நிமோனியாவில் ஸ்டீராய்டு கெடுதல் செய்யும் என்று அதுவரை பயந்தவர்களும் உண்டு.

ஆனாலும் ஐயாவுக்கு மறுபக்கம் விழுந்திருந்தால் என்ற நினைப்பு என்னை விடவில்லை.

சேத்துப்பட்டு_பேரன்:

எங்கள் பாட்டிக்கு வீட்டுப் பக்கம் விழுந்தது. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து நடத்தியது. பாதிப் பேர் காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் சானடோரியத்தில், பாதிப் பேர் வீட்டில். யார் எங்கே என்பது குலுக்கல் மாதிரிதான். மருந்து இருவருக்கும் ஒன்றே.

சானடோரியத்தில் முட்டை, பால், ஓய்வு. பாட்டிக்கு ஒற்றை அறையில் ஐந்து பேரோடு, சமையலும் தண்ணீர்க் குடமும். சொல்லாமல் கொள்ளாமல் மையத்திலிருந்து ஆள் வந்து மிச்ச மருந்தை எண்ணுவார்களாம், மருந்து சாப்பிட்டாரா என்று பார்க்க மூத்திரம் வாங்கிப் போவார்களாம். "சந்தேகப்படறாங்களேன்னு அம்மா அழுவாங்க" என்று என் அம்மா சொல்வார். 1959இல் முடிவு வெளியானது: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள், கூட இருந்தவர்களுக்குத் தொற்று கூடவில்லை என்பதும் பின்னால் தெரிந்தது. பாட்டி எண்பது வயது வரை இருந்தார்.

இன்றைக்கு யாரும் காசநோய்க்காக வருஷக்கணக்கில் பிள்ளைகளைப் பிரிந்து கிடப்பதில்லை. அந்த ஆய்வில் சேர்ந்த 193 பேரில் ஒருவர் எங்கள் பாட்டி. எனக்கு அதில் பெருமை.

மதுரை_டாக்டர்:

சிஸ்டர், உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்.

நான் எம்.டி. படித்தபோது தீசிஸுக்கு அறுபது நோயாளிகள். அதே கேள்வியைப் பக்கத்துக் கல்லூரியில் இன்னொருவர் வேறு அறுபது பேரிடம், வேறு விதமாக அளந்தார். இரண்டும் சேராது, நூலகத்தில் தூங்குகின்றன. ஊசிக்குக் கை நீட்டிய அந்த நோயாளிகளை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

2020 ஜூன் 27 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் டெக்ஸாமெத்தசோனைச் சிகிச்சை நெறிமுறையில் சேர்த்தது. ஜூலையில் மதுரையில் எங்கள் வார்டில் ஒரு கட்டில்கூடக் காலி இல்லை. சில ரூபாய் மருந்து, ஸ்டோரில் கையிருப்பு இருந்தது. ஆக்சிஜனில் இருந்த ஒவ்வொருவருடைய கேஸ் ஷீட்டிலும் 'டெக்ஸா 6' என்று எழுதினேன். எந்த மருந்தை, யாருக்கு, எவ்வளவு என்று எனக்குச் சொன்ன கணக்கில் உங்கள் ஐயாவும் இருக்கிறார். மருந்து கிடைக்காத அந்த 4321 பேர் இல்லாமல் கணக்கே இல்லை.

நாஞ்சில்_நர்ஸ்:

டாக்டர், இரண்டு தடவை படித்தேன். ஐயாவின் மகள் ஏப்ரல் வந்தால் போன் செய்வார். "அப்பா கையெழுத்துப் போட்டது எதுக்கும் உதவினதோ அக்கா?" என்று கேட்பார். நூற்றுக்கு மூன்று என்று சொன்னால் அவருக்கு ஒட்டவில்லை. இந்த முறை மதுரையைச் சொல்கிறேன்.