புரோநோட்டின் பின்பக்கம்

2013 ஜூனில் தறி ரிப்பேருக்காகத் தெரிந்தவர் ஒருவரிடம் 80,000 ரூபாய் வாங்கினேன். புரோநோட்டில், அதாவது கடனைத் திருப்பித் தருவதாக எழுதிய சீட்டில், கையெழுத்து. வட்டியும் கொஞ்சம் அசலும் கையில்தான் கொடுத்தேன். ரசீது கேட்கக் கூச்சம். 2018இல் அவர் கேஸ் போட, கோர்ட் ஊழியர் அமீனா சம்மனோடு வந்து நின்றார். "வாங்காதே மாப்ளே" என்றார் மாமா. எதற்கும் இருக்கட்டும் என்று வாங்கிவிட்டேன்.

புரோநோட்டுக்கு ஆயுள் மூன்று வருடம், அதற்குள் கேஸ் போட வேண்டும். 2016 ஜூனோடு முடிந்தது என்ற தைரியத்தில்தான் வக்கீலிடம் போனேன். அவர் பிராதோடு (வழக்கு மனுவோடு) வந்த புரோநோட்டு நகலைத் திருப்பிக் காட்டினார். 2016 மே மாதம் நான் 500 ரூபாய் கட்டியதாகப் பின்பக்கம் ஒரு வரவு! அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூன்று வருடம் ஓடுமாம். நான் கட்டவே இல்லை. வரவின் கீழே கையெழுத்து வேறு ஆங்கிலத்தில். நான் பேங்கில்கூடத் தமிழில்தான் போடுவேன்.

சம்மன் கைக்கு வந்ததிலிருந்து, கோர்ட்டில் எழுத்தில் பதில் தரும் பதிலுரைக்கு 30 நாள். கோர்ட் மனசு வைத்தால் 90 வரை போகலாம், அதை நம்பாதீர்கள் என்றார் வக்கீல். 26ஆம் நாள் போட்டோம். பணமே வாங்கவில்லை என்று எழுதச் சொன்னவர்களும் உண்டு. முன்பக்கம் இருப்பது என் கையெழுத்து. அதையும் மறுத்தால் பின்பக்கத்தைப் பற்றி நான் சொல்வதை யார் நம்புவார்? கடனை ஒப்புக்கொண்டு வரவை மட்டும் மறுத்தோம். அப்புறம் ஒன்றரை வருடம் வாய்தா. கையெழுத்தை நிபுணருக்கு அனுப்ப மனுப் போட்டதும் வாதி இறங்கி வந்தார். சமரசம் பேசி முடிக்கும் லோக் அதாலத்தில் 30,000க்கு முடிந்தது. அவருக்குக் கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைத்தது, எனக்குப் புரோநோட்டு.

* * *

சம்மனை வாங்கினீர்களே, அதுவே பெரிசு. என் அண்ணன் கதவைத் திறக்கவில்லை. அமீனா கதவில் ஒட்டிவிட்டுப் போனார். கோர்ட்டுக்கு அது போதுமாக இருந்தது. அவர் வராமலே அவருக்கு எதிராகத் தீர்ப்பு, எக்ஸ்பார்ட்டி டிகிரி. சம்பளத்தில் ஜப்தி வந்த பிறகுதான் அண்ணிக்கே கடன் விஷயம் தெரியும். முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட மாட்டார்கள் என்பதுதான் ஆறுதல். டிகிரியை ரத்து செய்யப் போட்ட மனு நிற்கவில்லை.

* * *

என்மேலும் புரோநோட்டு கேஸ்தான், வக்கீல் வைக்கக் காசில்லை. கோர்ட் வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருந்தது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள் என்று டீக்கடை அக்கா சொல்லித்தான் தெரியும். நகலைத் திருப்பிப் பார்க்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை. நாளைக்குக் காலையில் எடுத்துப் பார்க்கிறேன் அண்ணா.