வளர்ந்த பிறகு கற்பனை: உங்களுக்கு நடந்த ஒன்றைச் சொல்லுங்கள்

மரக்குருவி:
எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் போய் வந்தவர்களுக்கு அந்தச் சத்தத்தை விவரிக்க வேண்டியதில்லை. காதில் பஞ்சு, கையில் ஆபத்துக்கு அமுக்க ஒரு ரப்பர் பந்து, மூக்குக்கு நேர் மேலே கூரை. மைக்கில் அந்தப் பெண், "ஏதாவது நல்ல இடத்தை நினைச்சுக்கோங்க சார்" என்றார். நினைத்தேன். வந்தது என்ன தெரியுமா? ஆபீஸில் நான் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்த ஒரு படிவம். வேறு இடமே வரவில்லை. இத்தனை வயதுக்கு நினைத்துக்கொள்ள ஓர் இடம்கூடக் கைவசம் இல்லையா என்ற பயம், ஸ்கேன் பயத்தைவிடப் பெரிதாகிவிட்டது.

அப்புறம் டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்த சத்தம் மாறியது. மாடியில் ஒருவர் நாற்காலி செய்கிறார், கீழ் வீட்டுக்காரர் கழியால் கூரையைத் தட்டுகிறார் என்று தோன்றியது. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. தச்சருக்குக் காது கேட்காது. கீழ் வீட்டுக்காரருக்கு மறுநாள் பரீட்சை. பொறுக்க முடியாமல் படியேறிப் போய்க் கதவைத் தட்டப் போகிறார், அந்த நேரம் பார்த்து என்னை வெளியே இழுத்துவிட்டார்கள். "முடிஞ்சுது சார்." எனக்கு வந்தது நிம்மதி இல்லை, எரிச்சல்.

இத்தனை வருஷம் இது எனக்குள் எங்கே கிடந்தது என்பதுதான் குடைகிறது.

வெற்றுத்திரை:
"மனக்கண்ணால் பாருங்கள்" என்றால் மற்றவர்கள் நிஜமாகவே பார்க்கிறார்கள் என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. தியான வகுப்பு. கடற்கரை, அலை, காலில் ஈரம் என்று ஆசிரியர் சொல்லிக்கொண்டே போகிறார். கண்ணை மூடினால் எனக்கு எப்போதும்போல இருட்டு. பக்கத்தில் இருந்தவரிடம், "உங்களுக்கு உண்மையிலேயே தெரியுதா?" என்று கிசுகிசுத்தேன். அவர் கண்ணைத் திறக்காமலே, "சத்தம் போடாதீங்க, ஒரு குழந்தை ஓடுது" என்றார்.

அஃபான்டேசியா, அதாவது மனதில் படமே வராத நிலை. 2015-இல் நரம்பியல் மருத்துவர் ஆடம் ஸீமனும் அவருடைய சகாக்களும் வைத்த பெயர். ஆனால் 1880-லேயே பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, காலைச் சாப்பாட்டு மேசையை மனதில் கொண்டுவந்து பார்க்கச் சொல்லிப் பலரிடம் கேட்டிருக்கிறார். படம் என்று எதுவும் வருவதில்லை என்று சொன்ன விஞ்ஞானிகள் அப்போதே இருந்தார்கள். மனப்படம் என்பதெல்லாம் சும்மா பேச்சுக்குச் சொல்வது என்று என்னைப்போலவே நினைத்துக்கொண்டிருந்தவர்கள்.

மரக்குருவி, உங்கள் கதையில் கண்ணுக்குத் தெரிந்தது எவ்வளவு, "தச்சருக்குக் காது கேட்காது" என்பதுபோல மனதுக்குத் தெரிந்தது எவ்வளவு? இரண்டாவது எனக்கும் தாராளமாக வரும். கதைகூட எழுதுகிறேன். உள்ளே படம் ஓடினால்தான் கற்பனை என்று யாராவது சொன்னால் மட்டும் சண்டைக்கு வருவேன்.

ஏழாம் தளம்:
எனக்குக் கெட்ட கனவு. லிஃப்ட் நின்றுவிடும், விளக்கு போய்விடும், உள்ளே இன்னொருவர் மூச்சு விடுவது கேட்கும். வருஷக்கணக்காக இதேதான். உளவியலாளர் கனவை முழுக்க எழுதச் சொன்னார். எழுதிய பிறகு, "இப்ப எங்க வேணும்னாலும் மாத்துங்க, உங்க இஷ்டம்" என்றார். கதவு திறந்தது என்றுதான் யாரும் எழுதுவார்கள். நான் எழுதியது: "லிஃப்டுக்குள் ஒரு பிரம்பு நாற்காலி இருந்தது. உட்கார்ந்தேன்." அதைப் படித்துக்காட்டும்போது அழுதுவிட்டேன். ஏன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

பழைய கனவை விட்டுவிட்டு, மாற்றி எழுதியதைப் பகலில் தினமும் கொஞ்ச நேரம் மனதில் ஓட்ட வேண்டும். இமேஜரி ரிஹர்சல் தெரபி என்கிறார்கள். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் பேரி கிராக்கோ குழுவினர் இதைச் செய்து பார்த்து, கெட்ட கனவுகள் குறைந்ததாக 2001-இல் எழுதினார்கள். எனக்கும் குறைந்தது. நிற்கவில்லை, குறைந்தது. அந்த நாற்காலி மட்டும் கனவில் ஒருமுறைகூட வந்ததில்லை.

விடியல்வேந்தன்:
எதற்கு இவ்வளவு சிக்கல்? காலையில் எழுந்ததும் ஐந்து நிமிஷம், நினைத்தது நடந்தே விட்டதாகக் கண்ணை மூடிப் பாருங்கள். எனக்குப் பதவி உயர்வு அப்படித்தான் வந்தது. கடிதத்தின் மொரமொரப்புகூட விரலில் தெரிந்தது. நம்பினால் நடக்கும்.

கறார் கண்ணாடி:
இதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. முதலில் என் அனுபவம், சின்னதுதான். ஒரு பிரிவுபசார விழாவில் பேச வேண்டியிருந்தது, எனக்கோ மேடை என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கைதட்டலை நான் கற்பனை செய்யவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுவது, பையிலிருந்து தாளை எடுப்பது, முதல் வரியில் திக்கினால் ஒரு வாய் தண்ணீர் குடிப்பது, இதைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். திக்கினேன். தண்ணீர் குடித்தேன். பேசி முடித்தேன்.

இனி விடியல்வேந்தனுக்கு. உங்களுக்குக் கடிதம் வந்தது சந்தோஷம். ஆனால் 1999-இல் லியன் ஃபாம், ஷெல்லி டெய்லர் இருவரும் தேர்வுக்குத் தயாராகும் கல்லூரி மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். நல்ல மதிப்பெண் வாங்கியதாகக் கற்பனை செய்தவர்களைவிட, எங்கே உட்கார்ந்து எப்படிப் படிக்கப்போகிறோம் என்பதைக் கற்பனை செய்தவர்கள்தான் அதிகம் படித்தார்கள், அதிக மதிப்பெண்ணும் வாங்கினார்கள். கேப்ரியலே ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் பல வருஷம் இதையே துருவியிருக்கிறார். படிப்பு முடித்து வேலை தேடுபவர்களில், வேலை கிடைத்துவிட்டதாக இனிக்க இனிக்கக் கனவு கண்டவர்களுக்குப் பின்னாளில் கிடைத்த வாய்ப்பும் குறைவு, சம்பளமும் குறைவு. காரணம் ஒன்றும் மாயமில்லை. கிடைத்துவிட்டது என்று மனம் ஆறிவிட்டால் உடம்பு ஏன் எழுந்திருக்கும்?

ஆகவே செய்ய வேண்டியது இது. வேண்டியதை நினையுங்கள், அது கைகூடினால் எப்படி இருக்கும் என்பதையும் நினையுங்கள், உடனே குறுக்கே நிற்பது எது என்று பாருங்கள். அநேகமாக அது உங்களுக்குள்ளேதான் இருக்கும். அது தலைகாட்டும் நொடியில் என்ன செய்வேன் என்பதையும் அப்போதே தீர்மானித்துவிடுங்கள். எழுதி வைத்தால் உத்தமம்.

விடியல்வேந்தன்:
உங்கள் ஆய்வுக்கு என் கடிதம் தெரியாது.

ஹெட்போன்:
கற்பனையை வளர்ப்பது பற்றிப் பேசும் இடத்தில் இதைச் சொல்லலாமா தெரியவில்லை. எனக்கு அது வேண்டிய மட்டும் இருக்கிறது. பாட்டைப் போட்டுக்கொண்டு அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்க ஆரம்பித்தால் பொழுது போவதே தெரியாது. ஒரே குடும்பம், அதே ஆட்கள், பள்ளிக்கூடக் காலத்திலிருந்து. ஒருநாள் பஸ்ஸில் போகும்போது அவர்களில் ஒருவன் செத்துப்போனான். அப்படித்தான் கதை போனது, நான் திட்டமிடவில்லை. அழுகை நிற்கவே இல்லை. பக்கத்து சீட்டு அம்மா கைக்குட்டையை நீட்டி, "யாரு தவறிட்டாங்க?" என்றார். "தம்பி" என்றேன். நான் இறங்கும் வரை அவர் என் கையை விடவில்லை.

எனக்குத் தம்பி கிடையாது.

இப்படி வாழ்க்கையைத் தின்றுவிடும் பகற்கனவுக்கு எலி சோமர் என்ற உளவியலாளர் 2002-இல் 'மாலடாப்டிவ் டேட்ரீமிங்' என்று பெயர் வைத்தார் என்பதை ரொம்பத் தாமதமாகத்தான் படித்தேன். கற்பனை வளர்ந்தால் மனம் நன்றாக இருக்கும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் கோபம் வருகிறது. ஏழாம் தளத்துக்கு அவர் கையில் பேனா இருந்தது. எனக்கு அது யார் கையில் இருக்கிறது என்றே தெரியாது.

கறார் கண்ணாடி:
ஹெட்போன், எந்த நேரத்தில், எந்தப் பாட்டுக்கு இது ஆரம்பிக்கிறது என்று குறித்து வையுங்கள். நடப்பதற்குப் பதிலாக...

ஹெட்போன்:
யோசனை கேட்கவில்லை சார்.

பெட்டிக்காரி:
அம்மாவுக்கு மறதி நோய். சாயங்காலமானால், "ரயில் வந்துடும், பெட்டியை எடு" என்பார். ரயிலும் இல்லை, போகவேண்டிய ஊரும் இல்லை என்று நான் விளக்குவேன், அவர் கத்துவார், தினமும் இதே. ஒருநாள் எனக்கே சலித்துப்போய், "எந்தப் பெட்டிம்மா?" என்று கேட்டுவிட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன் பெட்டிதான். நான் எங்க போறேன்? நீதானே போகணும்." இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. யாரைப் பராமரிக்க யார் இருக்கிறோம் என்று குழம்பிவிட்டேன்.

உண்மைவிளம்பி:
வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இல்லாத ரயிலை இருக்கிறது என்பது நோயாளியை ஏமாற்றுவதுதானே? என் மாமாவுக்கு நாங்கள் கடைசி வரை உண்மையைத்தான் சொன்னோம்.

பெட்டிக்காரி:
இருக்கிறது என்று நான் சொல்லவே இல்லை, எந்தப் பெட்டி என்றுதான் கேட்டேன். ஆன் பாஸ்டிங் என்பவர் மறதி நோயாளிகளோடு இதைத்தான் செய்தார். நினைவிருக்கிறதா என்று சோதிக்காமல், ஒரு படத்தைக் காட்டி இதில் என்ன நடக்கிறது என்று கேட்பார். சொல்வதையெல்லாம் அப்படியே எழுதிக்கொள்வார். அதில் தப்பு என்று எந்தப் பதிலும் கிடையாது. உங்கள் மாமா எப்படி எடுத்துக்கொண்டார் என்று நீங்கள் சொல்லவில்லையே?

நான் இப்போது எந்த ஊர், யார் வருவார்கள் என்று கேட்கிறேன். பதில் தினமும் மாறும். ஓர் ஊரில் எல்லோருக்கும் மாடியில்தான் வீடாம், கீழ்த்தளம் முழுக்க மாடுகளுக்காம். அங்கே எனக்குக் கணக்கர் வேலை பார்த்து வைத்திருக்கிறார். சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். "முதல்ல போய்ச் சேரு, அப்புறம் பேசலாம்" என்றார்.