மனசுல நெனச்ச நம்பரைச் சொல்ற வித்தை: எங்க மாட்டிக்குது?

பாலக்கோடு

1089 வித்தை இங்க எல்லாருக்கும் தெரியும்: மூணு இலக்க நம்பரைத் திருப்பிப் போட்டு, பெரிசுலேர்ந்து சின்னதைக் கழிச்சு, வந்ததையும் திருப்பிப் போட்டுக் கூட்டினா 1089 வரணும். நேரா விஷயத்துக்கு வர்றேன். தக்காளி மண்டியில ஒரு காலேஜ் பையன், கணக்கு எழுதுறவர்கிட்ட செஞ்சு காட்டினான். விடையை முன்னாடியே துண்டுச் சீட்டுல எழுதி அவர் சட்டைப் பையில வச்சாச்சு. அவர் எடுத்தது 534. திருப்பிப் போட்டா 435. கழிச்சா 99. அதைத் திருப்பினாலும் 99, கூட்டினா 198. சீட்டைப் பிரிச்சா 1089. தன் கணக்கை ஒவ்வொரு வரியா பேனாவால தொட்டுப் பார்த்துட்டு, "தம்பி, நான் கழிச்சதுல தப்பில்லையே" ன்னாரு. அது உறுத்திக்கிட்டே இருக்கு. ஏன்னா அவர் போட்டதுல தப்பே இல்ல.

கழிச்சு வர்றது எப்பவும் 99-இன் மடங்கு. முதல் இலக்கத்துக்கும் கடைசி இலக்கத்துக்கும் வித்தியாசம் 2-ன்னா 198, 3-ன்னா 297, அப்படியே போய் 9-ன்னா 891. நடுவுல 9, ஓரத்து ரெண்டும் சேர்ந்தா 9. அதனாலதான் திருப்பிக் கூட்டுறப்ப நூறுல 900, பத்துல 180, ஒண்ணுல 9, ஆகமொத்தம் 1089. வித்தியாசம் 1-ன்னா வர்ற 99-ஐ 099-ன்னு எழுதணும். திருப்பினா 990, கூட்டினா அதே 1089. கழிச்சு முடிச்சதும் "ரெண்டு இலக்கமா, மூணு இலக்கமா?" ன்னு கேளுங்க. ரெண்டுன்னா முன்னாடி ஒரு சைபர் போடச் சொல்லுங்க. 535 மாதிரி ரெண்டு ஓரமும் ஒண்ணா இருந்தா சைபர்தான் வரும், அப்ப வேற நம்பர் கேட்கறதைத் தவிர வழியில்ல.

ஊத்தங்கரை

பாலக்கோடு அண்ணா, அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது. நடுவில் ஒரு கேள்வி கேட்டாலே, எதையோ தெரிந்துகொண்டுதான் விடை சொல்கிறோம் என்று எதிரில் இருப்பவர் முடிவுகட்டிவிடுவார். ஆரம்பத்திலேயே "மூணு இலக்கம், பெரிசுலேர்ந்து சின்னதா இறங்கி வரணும், 851 மாதிரி" என்று சொல்லிவிட்டால் போதும். மூன்றும் வெவ்வேறாக இறங்கி வந்தால் ஓரங்களுக்கு இடையே 2-க்குக் குறையாது. எதை எதிலிருந்து கழிப்பது என்ற குழப்பமும் வராது. 099 பிரச்சினையே எழாது.

1089-இல் இன்னொரு குறை, அதே ஆளிடம் இரண்டாம் தரம் செய்ய முடியாது. மறைத்த இலக்கத்தைச் சொல்வது அப்படியில்லை. ஏதாவது ஓர் எண், அதன் இலக்கங்களைக் கலைத்து இன்னொரு எண், பெரியதிலிருந்து சிறியதைக் கழி. 7264, 4627, வித்தியாசம் 2637. ஓர் இலக்கத்தை வட்டம் போட்டு மறைத்துவிட்டு மீதியைக் கூட்டிச் சொல்லச் சொல்லுங்கள். 6-ஐ மறைத்தால் 12 என்பார்கள். அடுத்த ஒன்பதின் மடங்கு 18, மீதி 6.

திருப்பத்தூர் பஸ்ஸில் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணிடம் ஒருவர் இதைக் காட்டினார். டிக்கெட்டில் இருந்த இலக்கங்களை வைத்து 8541, 1485 என்று எடுத்துக்கொண்டாள். வித்தியாசம் 7056. கூட்டல் 18 என்றாள், அவர் 9 என்றார். அவள் விரலை எடுத்தாள், அடியில் சைபர். கூட்டல் ஒன்பதின் மடங்காகவே வந்தால் மறைந்திருப்பது 9-ஆ 0-வா என்று சொல்லக் கணக்கில் வழியே இல்லை. "சைபரை விட்டுடுங்க, அதுவே வட்டம்தான்" என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பென்னாகரம்

நம்ம ஊருக்குன்னே ஒண்ணு இருக்கு. 1-லேர்ந்து 10-க்குள்ள ஒரு எண் நெனைங்க. 9-ஆல பெருக்குங்க. வந்தது ரெண்டு இலக்கம்னா ரெண்டையும் கூட்டுங்க. ஒண்ணு சேருங்க. அத்தனையாவது உயிரெழுத்து எது? அந்த எழுத்துல ஆரம்பிக்கிற, தர்மபுரி மாவட்டத்துல ஜனங்க குளிக்கப் போற ஊர் எது? அங்க எதுல ஏறுவீங்க? சீட்டுல "பரிசல்" னு எழுதியிருக்கும். பத்துக்குள்ள எதை ஒன்பதால பெருக்கினாலும் இலக்கம் கூட்டினா 9. ஒண்ணு சேர்த்தா 10, பத்தாவது எழுத்து ஒ, ஒகேனக்கல். "குளிக்கப் போற" ங்கிற வார்த்தை கட்டாயம் வேணும், இல்லேன்னா ஒட்டப்பட்டின்னு ஒருத்தர் நிப்பாரு. பத்துக்கு மேல விடாதீங்க. 11-ன்னா 99, கூட்டினா 18, அதையும் கூட்டச் சொல்ல வேண்டியதாயிடும்.

பஸ் ஸ்டாண்டுல ஒரு அம்மா விரல் மடக்கி எண்ணினாங்க. அ, ஆ, இ, ஈ, உ, ஊ, எ, ஏ, ஒ, ஓ. ஐ விட்டுப்போச்சு. பத்தாவது விரல் மடங்கினப்ப ஓ. "ஓசூர், பஸ்" னாங்க, அதுவும் எவ்வளவு தெளிவா! பன்னிரண்டு உயிரெழுத்தையும் ஒரு தாள்ல வரிசையா எழுதிக் கையில குடுத்துட்டா இது நடக்காது.

தேன்கனிக்கோட்டை

பென்னாகரம் சார், எங்க பக்கம் தாள் இல்லாம இது சுத்தமா எடுபடாது. தெலுங்கு, கன்னட மீடியத்துல படிச்சவங்க நிறைய. அந்த வரிசையில ஊ-வுக்கு அடுத்து ரு-ன்னு தனியா ஒரு உயிரெழுத்து வரும். அவங்க மனசுக்குள்ள எண்ணினா பத்தாவதா ஐ-ல நிப்பாங்க, தப்பு அவங்க மேல இல்ல. ஒரு பெரியவர் ஐ-ல தொடங்குற ஊரைத் தேடி ரொம்ப நேரம் யோசிச்சிட்டு உட்கார்ந்திருந்தார், பக்கத்துல யாராலயும் உதவ முடியல. இங்க எழுத்தைத் தொடாத வித்தையா எடுக்கறது நல்லது. மூணு இலக்க எண்ணை ரெண்டு தடவை சேர்த்து எழுதச் சொல்லுங்க, 472472. அதை 7-ஆல, 11-ஆல, 13-ஆல வகுத்தா பழையபடி 472. மூணையும் பெருக்கினா 1001, அவ்வளவுதான். போன் கால்குலேட்டர்லயே போடச் சொல்லுங்க. நீளமா வகுக்கறப்ப பாதியில விட்டுடறாங்க.

அரூர்

மகாராஷ்டிரத்தில் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேக்கர் 1949-இல் கண்டுபிடித்த 6174-ஐ யாரும் சொல்லவில்லையே. நான்கு இலக்கம், எல்லாம் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது. இறங்குவரிசையில் எழுது, ஏறுவரிசையில் எழுது, கழி, விடையை வைத்து மறுபடி. அதிகபட்சம் 7 சுற்றில் 6174. ஒரு மாணவன் 2111 எடுத்தான். 1112-ஐக் கழித்து 999 என்று எழுதினான், அடுத்த வரியில் சைபர் வந்துவிட்டது. 0999 என்று எழுதியிருந்தால் 8991, 8082, 8532, அடுத்தது 6174. நான்கு கட்டம் போட்ட தாள் கொடுங்கள், காலிக் கட்டத்தில் கை தானாகச் சைபர் போடும்.

காவேரிப்பட்டினம்

பிறந்த தேதி சொல்ற அஞ்சு அட்டையை ஒரு கடைக்காரர் வச்சிருந்தார். 22-ஆம் தேதி பிறந்தவரைப் பார்த்து "20" னு அடிச்சுச் சொல்லிட்டார். ரெண்டாவது அட்டையில 22 அச்சாகல. அவ்வளவுதான் நடந்தது. அதனால அட்டை செய்றவங்களுக்கு முழுசா எழுதிடறேன்.

மொத்தம் அஞ்சு அட்டை, ஒவ்வொண்ணுலயும் 16 எண். 1-லேர்ந்து 31 வரைக்கும் சரியா அடங்கும், அதனாலதான் தேதிக்கு இவ்வளவு பொருத்தம். முதல் அட்டையில 1 தொடங்கி ஒற்றைப்படை எல்லாம். ரெண்டாவதுல 2, 3, 6, 7, 10, 11, 14, 15, 18, 19, 22, 23, 26, 27, 30, 31. மூணாவதுல 4–7, 12–15, 20–23, 28–31. நாலாவதுல 8–15, 24–31. அஞ்சாவதுல 16–31. எந்தெந்த அட்டையில தேதி இருக்குன்னு சொன்னா, அந்த அட்டைகளோட முதல் எண்ணைக் கூட்டணும். 22-ன்னா 16, 4, 2.

வயசு சொல்லணும்னா ஆறாவது அட்டை வேணும், 32-இல தொடங்கும். அப்ப எல்லா அட்டையிலயும் 32 எண், 63 வயசு வரைக்கும் வரும். அதுக்கு மேல ஆனவங்ககிட்ட நீட்டாதீங்க.

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையோட வெறும் பக்கம் இதுக்கு நல்லா ஒத்துவரும். எழுத்து பெரிசா, நாலுக்கு நாலு கட்டமா இருக்கட்டும். எண்கள் பொடிசா இருந்தா பெரியவங்க ஒரு அட்டையைச் சரியாப் பார்க்காம "இல்ல" ன்னுடுவாங்க, 22 அப்படியே 18 ஆயிடும். 6, 9 ரெண்டுக்கும் அடியில கோடு போடுங்க, தலைகீழாப் பிடிக்கிறவங்க உண்டு. முதல் எண்ணை மூலையில வச்சா கண்டுபிடிச்சிடறாங்கன்னு சிலர் எண்களைக் கலைச்சுப் போடறாங்க. கலைச்சா அட்டைக்கு ஒரு கலர் குடுத்து, கலரை வச்சு ஞாபகம் வச்சுக்கணும்.

லேமினேஷன் போடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு அட்டையையும் கூட்டிப் பாருங்க. அஞ்சு அட்டைக்கும் வரிசையா 256, 264, 280, 312, 376 வரணும். ஒண்ணு குறைஞ்சாலும் எவ்வளவு குறையுதோ அதுதான் விட்டுப்போன எண்.

ஊத்தங்கரை

கூட்டல் மட்டும் போதாது. 18-ஐ 17 என்றும் 19-ஐ 20 என்றும் அச்சடித்தால் கூட்டல் சரியாகவே வரும். 31 தேதிக்கும் ஒவ்வொன்றாக அட்டைகளை எடுத்துவைத்துப் பார்த்துவிடுங்கள்.