3ஐ/அட்லஸ்: ஐந்து ஜெட்டும் நிஜமா, ஃபில்டர் வேலையா?

பிக்சல்பித்தன்: 2025 டிசம்பர் 19 அன்று, வேறொரு நட்சத்திர மண்டலத்திலிருந்து வந்த வால்மீனான 3ஐ/அட்லஸ் பூமிக்கு மிக அருகே, அதாவது சுமார் 27 கோடி கிலோமீட்டரில் இருந்தபோது, 8 அங்குலத் தொலைநோக்கியில் மூன்று மணி நேரம் எடுத்த படம் இது. லார்சன்–செக்கனினா ஃபில்டர் போட்டதும் கருவிலிருந்து (நடுவில் இருக்கும் திடமான பகுதி) ஐந்து ஜெட், அதாவது வாயுவும் தூசும் கலந்த பீச்சல், கிளம்புவது தெரிகிறது. ஒன்று சூரியனை நோக்கியே நீள்கிறது! வால் எதிர்ப்பக்கம்தானே போக வேண்டும்? சாதாரண வால்மீன் என்று இன்னமும் சொல்பவர்கள் பதில் சொல்லுங்கள்.

ஆந்தைக்கண்: படம் அருமை, முடிவுதான் அவசரம். அந்த ஃபில்டர் படத்தை நடுப்புள்ளியைச் சுற்றிக் கொஞ்சம் திருப்பி, அசலிலிருந்து கழிக்கிறது. நடுப்புள்ளி ஒரு பிக்சல் தள்ளிப்போனாலே இல்லாத ஜெட்டும் முளைக்கும். நானும் ஒருமுறை வேறொரு வால்மீனில் இரண்டு ஜெட் பிடித்துவிட்டதாகக் குதித்தேன். கேமராவை 40 டிகிரி திருப்பி மறுபடி எடுத்தால், ஜெட்டும் கூடவே திரும்பி நிற்கிறது!

பிக்சல்பித்தன்: அப்போ ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியும் பொய்யா? 2025 ஜூலை 21 படத்திலேயே சூரியன் பக்கம் தூசு பீறிடுகிறது. ஆகஸ்டில் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி பார்த்தபோது நீராவியைப் போல் எட்டு மடங்கு கார்பன் டையாக்சைடு. இதெல்லாம் வழக்கமா?

ஆந்தைக்கண்: வழக்கமில்லைதான். ஆனால் கார்பன் டையாக்சைடு பனி, தண்ணீர்ப் பனி உறைந்தே கிடக்கும் தூரத்திலும் ஆவியாகும். சூரியன் பக்க வீச்சையும் நான் மறுக்கவில்லை. வெயில் படும் பக்கத்திலிருந்துதான் தூசு கிளம்பும். பொடித்தூசை ஒளி அழுத்தம் சட்டென்று பின்னால் தள்ளிவிடும், பெரிய துகள் அவ்வளவு லேசில் மசியாது. 1957இல் அரெண்ட்–ரோலண்ட் வால்மீனுக்கும் எதிர்வால், அதாவது சூரியனை நோக்கி நீளும் வால், இருந்ததே.

கோமாவாசி: அந்த உதாரணம் இங்கே ஒட்டாது. அது, வால்மீன் சூரியனைச் சுற்றும் பாதைத் தளத்தில் பரவிக் கிடந்த பழைய தூசை நாம் பக்கவாட்டில் பார்த்ததால் வந்த தோற்றம். ஹப்பிள் பார்த்தது நிஜமாகவே சூரியன் பக்கம் கிளம்பிய தூசு.

பித்தருக்கு ஒரு கணக்கு. அந்தத் தூரத்தில் ஓர் ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3,600இல் ஒரு பங்கு) என்பது ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர். காற்று நடுக்கம் இரண்டு ஆர்க்செகண்ட் என்றால் 2,600 கிலோமீட்டர் மங்கல். கருவோ 5.6 கிலோமீட்டருக்கு மேல் இல்லை என்கிறது ஹப்பிள். இதில் 'கருவிலிருந்து ஐந்து' என்று எப்படி எண்ணினீர்கள்?

ஆனால் ஆந்தையாரே, எல்லாவற்றையும் ஃபில்டர் தலையில் கட்டிவிடவும் முடியாது. ஸ்பெயினின் கேனரி தீவுகளில் உள்ள டெய்டே வானாய்வகத்தின் 2 மீட்டர் தொலைநோக்கி, இந்த வால்மீனின் ஜெட் 7 மணி 45 நிமிடத்துக்கு ஒருமுறை ஊசலாடுவதையே பிடித்திருக்கிறது. பித்தர் முதல் மணி நேரத்தையும் கடைசி மணி நேரத்தையும் தனித்தனியாக ஸ்டாக் செய்து, அதாவது படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்த்து, பார்க்கட்டும். நிஜ ஜெட் என்றால் இரண்டிலும் இருக்க வேண்டும்.

பிக்சல்பித்தன்: செய்தேன். மூன்று காணோம். இரண்டு அப்படியே நிற்கின்றன, ஒன்று சூரியன் பக்கத்தது.

ஆந்தைக்கண்: அந்த இன்னொன்று, வால்மீனைப் பின்தொடர்ந்து எடுத்ததால் விழுந்த நட்சத்திரக் கோடுகள் ஓடும் திசையிலேயே இருக்கிறதே?

பிக்சல்பித்தன்: ...ஆமாம், இருக்கிறது. சரி, அதையும் அடித்துவிடுகிறேன். சூரியன் பக்கத்ததை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.

ஆந்தைக்கண்: அதை யாரய்யா கேட்டார்கள்!